செப்பும் கூடையும்: கொழும்பில் மாயவித்தையின் மறைபொருள் கைமாறிய வரலாறு

மாயவித்தைக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் செப்பிடுவித்தை என்ற பெயரே தொழில் செய்பவனின் கைக்கு மிக அருகில் நிற்பது. செப்பு என்பது உள்ளங்கையில் அடங்கும் சிறு கிண்ணம். செப்புகள் சிலவற்றைத் தரையில் கவிழ்த்து, அவற்றின் கீழ் இட்ட சிறு பந்துகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவச் செய்து, ஈற்றில் யாரும் எதிர்பாராத வேறொரு பொருளை வெளிப்படுத்துவது இவ்வித்தையின் சாரம். மலையாளத்தில் இது செப்பும் பந்தும் என்றே வழங்குகிறது. வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி (1903–1983) கேரள மேடைகளில் புகழ்பெற்றது இதே ஆட்டத்தினால்தான். கண்கட்டுவித்தை என்பது பார்ப்பவர் பக்கம் நின்று இட்ட பெயர். இந்திரசாலம் என்பதோ மெய்யியலாருக்குப் பிடித்தமான பெயர்: மாணிக்கவாசகர் இறைவனின் விளையாட்டைச் சுட்ட இந்திரஞாலம் என்ற சொல்லை ஆண்டார், சங்கரர் தமது பிரம்மசூத்திர உரையில், கயிற்றைப் பற்றி வானேறுவதாகத் தோன்றும் மாயாவியையும் தரையிலேயே நிற்கும் மெய்யான மாயாவியையும் பிரித்துக்காட்டி, அதைத் தம் வாதத்துக்கு உவமையாக்கினார். தெருவில் எவரும் கண்டிராத காட்சி உவமையாகப் பயன்படாது என்பதால், இவ்வித்தைக்காரர்கள் அன்று எவ்வளவு பரவலாகத் திரிந்தார்கள் என்பதற்கு இந்நூல்களே சான்றாகின்றன.

இலங்கையின் ஏட்டு மரபிலும் அதே கயிறு உண்டு. அநுராதபுரத்தில் வடிவுபெற்றதாகக் கருதப்படும் பாளி ஜாதக உரையில், சுருசி ஜாதகம் என்ற கதையில், சிரிக்கவே அறியாத இளவரசன் ஒருவனைச் சிரிக்கவைக்க இரண்டு வித்தைக்காரர்கள் அழைக்கப்படுகிறார்கள். ஒருவன் அரண்மனை வாயிலில் மாமரம் ஒன்றைத் தோற்றுவிக்க, நூலுருண்டை ஒன்று மேலே எறியப்பட்டு, அதைப் பற்றி ஏறியவனின் உடல் துண்டுதுண்டாகக் கீழே விழுந்து மீண்டும் பொருந்தி எழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பயணிகள் கீழைநாட்டு வித்தைகள் என்று ஓயாமல் எழுதிய மாமர வித்தையும் கயிற்று வித்தையும் இவ்வாறு ஒரே கதைக்குள் ஏற்கனவே அருகருகே நின்றன. 1344 அளவில் கொழும்பு வழியே சென்ற இப்னு பதூதா, கயிற்று வித்தையைக் கண்டதாகச் சொல்வது இலங்கையிலோ இந்தியாவிலோ அன்று, சீனத்தில் என்பதையும் இங்கே சேர்த்து நோக்கலாம்.

கிழக்கிலங்கைத் தமிழரிடையே இதற்கு வேறொரு கிளை வளர்ந்தது. மட்டக்களப்பின் மகிடிக் கூத்து, கும்பங்களை நட்டு, அவற்றைக் காக்கும் தரப்பும் மந்திர வலிமையால் கவர வரும் தரப்பும் மோதுவதாக நடிக்கப்படும் திறந்தவெளி ஆட்டம். இதில் வந்து மோதுபவர் பெரும்பாலும் மலையாளத்திலிருந்தோ வேறு தூரதேசத்திலிருந்தோ வந்தவராகச் சித்திரிக்கப்படுவார். வித்தையும் மாந்திரீகமும் அயலூரானின் சொத்து என்ற எண்ணம் இக்கூத்தில் ஆழப் பதிந்துள்ளது. கொழும்பில் அந்த அயலூரான் கப்பலில் வந்திறங்கினான்.

கொழும்பின் கொம்பனித்தெரு என்ற பெயரில் வரும் கொம்பனி ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனி ஆகும். அக்கொம்பனியின் அடிமைகள் இரவில் அடைக்கப்பட்ட இடம் என்பதால் ஆங்கிலேயர் இதனை அடிமைத்தீவு என்றனர். பேரை வாவியால் சூழப்பட்ட இப்பகுதியில், படையில் சேவைசெய்த மலாயர் குடும்பங்களும், தமிழ் பேசும் முஸ்லிம்களும் இந்துக்களும், சிங்களவரும் நெருங்கி வாழ்ந்தனர். ஒரு புறம் கோட்டையும் துறைமுகமும், மறுபுறம் காலிமுகத்திடலும் 1864இல் எழுந்த காலிமுக ஹோட்டலும் அமைய, வேடிக்கை காட்டிப் பிழைப்பவர்களுக்கு இதைவிட வாய்ப்பான இடம் தீவில் இருந்திருக்க முடியாது. 1869இல் சூயெஸ் கால்வாய் திறந்தபின் கிழக்கே செல்லும் கப்பல்கள் பெருகின. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதாங்கிச் சுவர் 1885இல் முடிந்தபோது, காலித் துறைமுகத்தின் பழைய இடத்தைக் கொழும்பு பிடித்துக்கொண்டது. நிலக்கரி ஏற்றுவதற்காகக் கப்பல் சில மணிநேரமோ ஒரு நாளோ தரித்து நிற்கும். அந்த இடைவெளியில் செய்வதற்கு ஒன்றுமில்லாத பயணிகள் ஹோட்டல் விறாந்தைகளில் அமர்ந்திருப்பர். பாம்பாட்டியும் செப்பிடுவித்தைக்காரனும் நம்பியிருந்தது அந்த ஓய்வு நேரத்தைத்தான். 1890 நவம்பரில் கொழும்பில் இறங்கிய ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் இங்கிருந்து கீரிகளை வாங்கிச் சென்றதும், அவற்றுள் ஒன்று கீரியே அன்று, மரநாய் வகை விலங்கு எனப் பின்னர் தெரியவந்ததும் பலர் அறிந்த செய்தி. துறைமுகத்து விற்பனையும் ஒருவகைக் கண்கட்டு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

இத்தெரு வித்தைக்காரர்களுக்கு மேடையும் திரையும் இல்லை. சுற்றிலும் ஆட்கள் நிற்க, வெயிலில், வெறுந்தரையில் ஆடவேண்டும். இக்குறையே அவர்களின் நுட்பத்தைக் கூர்மையாக்கியது. மாமர வித்தையில் மாங்கொட்டையை மண்ணில் புதைத்து, நீர் தெளித்து, முக்காலி போல நட்ட குச்சிகளின்மேல் துணியைப் போர்த்துவர். துணியைச் சரிசெய்யும் சாக்கில் முளையும், பின்னர் சிறு கன்றும், அதன்பின் சற்றுப் பெரிய கிளையும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே செல்லும். ஒவ்வொரு முறைக்கும் இடையில் உடுக்கோ மகுடியோ ஒலிக்க, பாம்போ செப்போ பார்ப்பவரின் கவனத்தை இழுத்துக்கொள்ளும். மரம் வளர்வது அந்தக் கவனச் சிதறலில்தான். கூடை வித்தையில் சிறுவன் ஒருவன் வாய் ஒடுங்கி வயிறு அகன்ற கூடைக்குள் இறங்குவான்; வாள் நடுவே பாயும்போது அவன் கூடையின் விளிம்பு வளைவை ஒட்டிச் சுருண்டிருப்பான். வாள் எந்தத் துவாரத்தில், எந்தக் கோணத்தில் நுழையவேண்டும் என்பது தந்தைக்கும் மகனுக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. இதற்கு வேண்டிய கருவிகள் ஒரு கூடை, ஒரு துணி, சில மரச் செப்புகள். எல்லாம் சந்தையில் கிடைப்பவை. வித்தைக்கென ஒரு கடை இத்தொழிலில் தோன்றாததற்குக் காரணம் இதுவே: விலைமதிப்புள்ள பகுதி பொருளில் இருக்கவில்லை, குடும்பத்தின் பயிற்சியில் இருந்தது.

அந்தப் பயிற்சியை ஐரோப்பா பொருளாக மாற்றியது. இராமசாமி என்ற தென்னிந்திய வித்தைக்காரர், ராமோ சாமி எனத் திரிந்த பெயருடன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மேடைகளில் செப்பும் பந்தும் ஆடி, வாளை விழுங்கிப் புகழ்பெற்றார்; வில்லியம் ஹஸ்லிற் 1821இல் வெளியிட்ட நூலில் இந்திய வித்தைக்காரர் பற்றிய கட்டுரை இடம்பெற்றதும் அக்காலத்து வியப்பின் விளைவே. 1850இல் இராமசாமி இறந்தபோது அடக்கச் செலவுக்குக்கூட அவருடைய மனைவி பொதுமக்களிடம் உதவி கேட்கவேண்டி வந்தது. சென்னையில் சேஷால் என்ற முதியவர், ஒரு கையை மட்டும் தண்டின்மேல் வைத்துக் காற்றில் அமர்ந்திருப்பதாகத் தோன்றிய காட்சி 1832இல் லண்டன் வார இதழொன்றில் படத்துடன் வெளியாயிற்று. ஆடைக்குள் மறைந்த இரும்புச் சட்டமே அவரைத் தாங்கியது. 1840களில் பாரிஸில் ரொபேர் ஹூடன் தம் மகனை ஒரு கோலின்மேல் கிடத்திக் காட்டியதும் இதே தத்துவத்தில்தான். கேணல் ஸ்ரொடேர் என்ற மேடைப்பெயர் கொண்டவர் 1865இல் லண்டன் எகிப்திய மண்டபத்தில் கூடை வித்தையை அரங்கேற்றினார். வித்தை மேலைநாட்டு மேடைக்கு ஏறியபோது அதற்குத் திரையும் மேசையும் பொறியும் வந்துசேர, அவற்றைச் செய்து விற்பதற்குக் கடைகள் தோன்றின. நியூயோர்க்கில் மார்ட்டின்கா கடையும், லண்டனில் 1898இல் தொடங்கிய டேவன்போர்ட் கடையும், ஹோல்போர்னில் கமேஜ் என்ற பெரும் அங்காடியின் மாயவித்தைப் பிரிவும் இவற்றுள் பெயர்பெற்றவை. விலைப்பட்டியலைப் பார்த்து அஞ்சலில் வரவழைக்கும் முறை பரவியதும், கடல்கடந்து வாழ்ந்த அரச அலுவலரும் தோட்டத்துரையும் பெட்டி ஒன்றை வாங்கி மாலை விருந்தில் வித்தை காட்டமுடிந்தது. கடை தொழிலாளிக்காகத் தோன்றியதாகப் பலர் கருதுவர்; அதை உண்மையில் வாழவைத்தவர் பொழுதுபோக்குக்காரரே. குலத்தில் பிறக்காதவன் மறைபொருளைக் காசு கொடுத்துப் பெறும் வழி அது ஒன்றுதான்.

இதன் வேடிக்கை என்னவெனில், கொழும்பின் ஹோட்டல் விறாந்தையில் சில்லறைக்குக் காட்டப்பட்ட கூடை வித்தை, லண்டன் வழியாகச் சுற்றி, அச்சிட்ட செய்முறைத் தாளுடன் பெட்டியில் அடைபட்டு, மீண்டும் கீழைத்தேசத் துறைமுகங்களுக்கே வரக்கூடியதாயிற்று.

மேடை வித்தைக்காரரும் கப்பல் வழியில் வந்தனர். அமெரிக்கரான கார்ல் ஹேர்ட்ஸ் 1896இல் தம் வித்தைப் பெட்டிகளுடன் ரொபர்ட் போல் செய்த திரைப்படக் கருவியையும் எடுத்துக்கொண்டு தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா வழியாகக் கிழக்கே பயணம் செய்தார். அவர் சென்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் தீட்டிய படுதாக்களையும் தரைப்பொறிகளையும் கொண்டு தேவர் தோன்றி மறையும் காட்சிகளை இங்கே பழக்கின. அவற்றின் வழிவந்த நூர்த்தி என்னும் சிங்கள இசைநாடகம் 1911 டிசம்பரில் மருதானையில் திறந்த டவர் மண்டபத்தில் நிலைகொண்டது. ஆனால் இந்த அரங்குகளில் வித்தைக்குக் கிடைத்த காலம் குறுகியது. 1901 அளவில் இலங்கையில் காட்டத் தொடங்கிய பயஸ்கோப், அதாவது சலனப்படக் காட்சி, ஆளை மறையவைக்கும் வேலையைக் கத்திரிக்கோலால் செய்துவிட்டது. கொம்பனித்தெருவிலேயே பிற்காலத்தில் மக்கள் கூடியது திரையரங்குகளில்தான். 1965இல் திறந்த ரியோ அவற்றுள் பெயர்பெற்றது, 1983 யூலை வன்முறையில் அதுவும் தாக்கப்பட்டது.

அரங்கை இழந்த வித்தை கழகத்துக்குள் ஒதுங்கியது. நியூயோர்க்கில் மார்ட்டின்கா கடையின் பின்னறையில் 1902இல் அமெரிக்க வித்தைக்காரர் சங்கமும், 1905இல் லண்டன் மாயவித்தை வட்டமும் தோன்றின; கொழும்பிலும் 1920களில் அத்தகைய வட்டம் ஒன்று உருவாகி, இலங்கை மாயவித்தை வட்டம் என்ற பெயரில் நீண்டகாலம் தொடர்ந்தது. மறைபொருளை வெளியாருக்குச் சொல்லாமை இவ்வட்டங்களின் முதல் விதி. தந்தை மகனுக்கு மட்டும் சொன்னதை இங்கே உறுப்பினர் உறுப்பினருக்கு மட்டும் சொன்னார். குலத்தின் இடத்தில் சந்தா வந்தது. பொய்யான பெருமைகளைச் சோதிக்கும் வேலையும் வட்டங்களுக்கு வந்துசேர்ந்தது. 1890இல் சிக்காகோ நாளிதழ் ஒன்று கற்பனையாக எழுதிவிட்டுப் பின்னர் அவ்வாறே ஒப்புக்கொண்ட இந்தியக் கயிற்று வித்தைக் கதை உலகெங்கும் நம்பப்பட்டதால், லண்டன் வட்டம் 1934இல் அதைச் செய்துகாட்டுவோருக்கு 500 கினி பரிசு அறிவித்தது. எவரும் அதைப் பெறவில்லை.

பரிசு வைத்துச் சோதிக்கும் இம்முறை கொழும்பில் மிகக் கடுமையான வடிவத்தைப் பெற்றது. கேரளத்துத் திருவல்லாவில் ஒரு சிரியன் கிறிஸ்தவ மதகுருவின் மகனாகப் பிறந்த ஆபிரகாம் கோவூர் (1898–1978), 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து, தாவரவியல் கற்பித்து, கொழும்பு தேர்ஸ்ரன் கல்லூரியிலிருந்து 1959இல் ஓய்வுபெற்றார். வெள்ளவத்தைப் பாமன்கடை ஒழுங்கையில் வாழ்ந்துகொண்டு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்திய அவர், 1963இல், ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் ஒன்றைச் செய்துகாட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் என அறிவித்தார். வெறுமனே கூட்டம் சேர்க்க வருவோரைத் தடுக்க, போட்டியிடுபவர் முற்பணம் கட்டவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அவர் வெளியிட்ட செயல்களின் பட்டியலில் இருபதுக்கு மேற்பட்டவை இருந்தன: முத்திரையிட்ட உறைக்குள் உள்ள பணத்தாளின் இலக்கத்தை வாசிப்பது, பணத்தாளின் நேர்நகல் ஒன்றை உண்டாக்குவது, கேட்ட பொருளை வெறுங்கையிலிருந்து வரவழைப்பது, தணலில் அசையாது நிற்பது, பூட்டிய அறையிலிருந்து மறைவது, நீர்மேல் நடப்பது முதலியன. இப்பட்டியலை ஒரு மாயவித்தைக் கடையின் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால் பெரும்பகுதி ஒத்துப்போகும். உறைக்குள் இலக்கம் வாசித்தலும் வெறுங்கையில் பொருள் வரவழைத்தலும் எந்தக் கடையிலும் செய்முறைத் தாளோடு விற்கப்பட்டவை. திருநீறு வரவழைக்கும் சாமியார் செய்வது செப்பில்லாத செப்பிடுவித்தை. கோவூர் கேட்டது அதே செயலை, கருவியும் கைமறைப்பும் இல்லாமல் செய்யவேண்டும் என்பதுதான். வித்தைக்காரன் ஏமாற்றுவதாகச் சொல்லியே ஏமாற்றுகிறான், சாமியார் அதை மறைக்கிறார் என்ற வேறுபாடே அவருடைய போராட்டத்தின் நடுப்புள்ளி. தெருவோரக் கழைக்கூத்தாடியின்மேல் அவருக்குப் பகை இருக்கவில்லை.

அவர் ஆராய்ந்த நிகழ்வு ஒன்று மலையாளத்தில் புனர்ஜன்மம் (1972) என்றும், தமிழில் மறுபிறவி (1973) என்றும் திரைப்படமாயிற்று. மறைபொருளை உடைத்தவரே திரைக்கதையானார். எனினும் அதே திரையரங்குகளில் அம்மனும் பாம்பும் அற்புதம் செய்யும் படங்களே நீண்டநாள் ஓடின என்பதை இவ்வரலாற்றை எழுதுபவர் மறைக்கலாகாது. 1978 செப்டம்பரில் கோவூர் இறந்தபோது ஓர் இலட்சம் ரூபாய் கொடுபடாமலே இருந்தது. அவர் விருப்பப்படி அவருடைய உடல் மருத்துவ மாணவரின் கல்விக்கு வழங்கப்பட்டது.

அறைகூவலை ஏற்றுத் தொடர்ந்தவர் கோயம்புத்தூருக்கு அருகே போத்தனூரில் வாழ்ந்த பசவ பிரேமானந்த் (1930–2009). அவர் தாம் கற்ற வித்தைகளோடு ஊரூராகச் சென்று, திருநீறு வரவழைத்தும், நாவில் சூலம் குத்தியும், கற்பூரத்தை வாயில் எரித்தும் காட்டியபின், கூடியிருந்த சிறுவர்களையே அழைத்து அவற்றைச் செய்யக் கற்பித்தார். தந்தை மகனுக்குச் சொன்னதையும், கடை காசுக்கு விற்றதையும், வட்டம் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னதையும் அவர் பள்ளிக்கூட முற்றத்தில் இலவசமாகக் கொடுத்தார். அந்தச் சிறுவர்கள் வீட்டுக்குப் போய் அம்மாவின் முன் கையை நீட்டித் திருநீறு வரவழைத்துக் காட்டினால், அடுத்த செப்பிடுவித்தைக்காரன் உருவாவதும் அங்கேதான்.