ஆக்கச் செயற்கை நுண்ணறிவு வழிச் சட்டத் தேடல்: புதுக்கடை நோக்கில்

பயனர் இயல்பான மொழியில் கேட்கும் சட்டக் கேள்விக்குரிய தீர்ப்புகளையும் சட்டங்களையும் முதலில் தரவுத்தளத்திலிருந்து மீட்டெடுத்து, அவற்றை ஆதாரமாகக் கொண்டு, மாபெரும் எழுத்துத் தொகுப்புகளில் பயிற்றப்பட்ட மொழி மாதிரி ஒன்று மேற்கோள்களுடன் விடை எழுதித் தரும் முறையே ஆக்கச் செயற்கை நுண்ணறிவு வழிச் சட்டத் தேடல் எனப்படுகிறது. இம்முறைகள் பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை அமெரிக்கச் சட்டத்தையும் ஆங்கில மொழியையும் சார்ந்தவை. கொழும்பின் நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரியும் அமைந்துள்ள புதுக்கடையின் சட்டத்துக்கு அவற்றின் முடிவுகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது தனியே ஆராயத்தக்கது.

புதுக்கடையில் வழக்காடப்படும் சட்டம் ஒரே ஊற்றிலிருந்து வந்ததன்று. உரோம-டச்சுச் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் நாடாளுமன்றச் சட்டங்களும் கண்டிச் சட்டம், முஸ்லிம் சட்டம், தேசவழமை ஆகிய தனியாட்சட்டங்களும் அங்கு ஒருங்கே செயற்படுகின்றன. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளான தேசவழமை, ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்பேரில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அலுவலரால் 1707இல் தொகுக்கப்பட்டுத் தமிழில் பெயர்க்கப்பட்டு, 12 முதலியார்களால் பரிசீலிக்கப்பட்ட பின்னரே ஏற்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். தொகுத்தவர் ஒருவர், சரிபார்த்தவர்கள் வேறு பலர் என்ற அந்த ஏற்பாடு இன்றைய தேடல் இயந்திரங்கள் பலவற்றில் இல்லை என்பதையும் இங்கே குறிக்கலாம்.

கணினிவழிச் சட்டத் தேடல் 1973இல் அமெரிக்காவில் லெக்சிஸ் சேவை வணிகமுறையில் தொடங்கியதுடன் பரவலாயிற்று. அதன் பயனை அளவிட்ட ஆய்வுகளுள் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது பிளேயர், மேரன் ஆகியோர் 1985இல் வெளியிட்டதாகும். வழக்கொன்றுக்குரிய ஏறத்தாழ 40,000 ஆவணங்களில் சொல்வழித் தேடலை நடத்திய சட்டத்தரணிகள், வேண்டியவற்றில் நான்கில் மூன்று பங்கேனும் கையில் வந்துவிட்டதாக நம்பினர். உண்மையிற் கிடைத்தது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. தேடுபவர் கொள்ளும் மனநிறைவைத் தேடலின் வெற்றிக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது அப்போதே தெளிவாயிற்று.

மீட்டெடுத்தலையும் எழுத்தாக்கத்தையும் ஒரே கட்டமைப்பில் இணைத்த முறையைப் பேட்ரிக் லூயிஸ் முதலியோர் 2020இல் முன்வைத்தனர். சாட்ஜிபிடி புனைந்து தந்த, உலகில் இல்லாத தீர்ப்புகளை நியூயோர்க் சட்டத்தரணிகள் நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி, 2023 ஜூனில் 5,000 டொலர் தண்டம் செலுத்த நேர்ந்த மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கு, ஆதாரம் இணைக்கும் இம்முறையின் தேவையை உலகறியச் செய்தது. ஆயினும் ஆதாரம் இணைத்ததனால் மட்டும் சிக்கல் தீரவில்லை. பொதுவான ஆக்கத் தேடுபொறிகள் நான்கினை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் சோதித்தபோது, அவை எழுதிய வாக்கியங்களில் 51.5 சதவீதமே உடன் தந்த மேற்கோள்களால் முழுமையாகத் தாங்கப்பட்டன. அதே பல்கலைக்கழகத்தார் 2024இல் சட்டத்துக்கெனவே விற்பனையாகும் கருவிகளை ஆராய்ந்து, அவை 17 முதல் 33 சதவீதம் வரையான வினாக்களுக்குத் தவறான அல்லது ஆதாரத்தோடு ஒட்டாத விடைகளைத் தந்தன என்றனர். வணிக நிறுவனங்களின் கருவிகள் மூடியவையாயிருந்ததால், எதைச் சோதிப்பது என்பதிலேயே அவ்வாய்வு சர்ச்சைக்கு உள்ளாயிற்று. கருவிகள் இடையறாது மாற்றப்படுவதால் அதன் எண்கள் அந்நேரத்து நிலையையே காட்டுவன.

புதுக்கடைக்கு இவ்வளவைகள் போதாமைக்கு வேறு காரணங்களும் உள. இலங்கைச் சட்டங்கள் மும்மொழிகளில் வெளியாகின்றன. சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண் எழின் சிங்கள உரையே மேலோங்கும் எனச் சட்டங்களிலேயே வழமையாக எழுதப்படுகின்றது. ஆகவே தமிழ் உரையைப் பிழையின்றி மேற்கோள் காட்டும் விடை, ஆய்வாளரின் அளவுகோலில் முழு மதிப்பெண் பெற்றும் நீதிமன்றத்தில் தோற்கக்கூடும். மணவாழ்வில் ஈட்டிய சொத்தாகிய தேடியதேட்டம் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒருவாறு வரையறுக்கப்பட்டு 1947இல் திருத்தப்பட்டது. இவற்றுக்கு இடைப்பட்ட காலத் தீர்ப்பை எடுத்துத் தரும் கருவியின் ஆதாரம் மெய்யானதே, சட்டம் மட்டும் பழையது. பழைய ஆங்கில அறிக்கைகளில் தேடியதேட்டம் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலும் ஒருசீராக இல்லை. பலகாலமாகக் கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை பொருந்துமா என்ற வினா இன்னும் கடினமானது. அவர் நிலையான வதிவிடமாகக் கருதியது எவ்விடம் என்ற நிகழ்வுண்மை தெரியாமல் எத்தரவுத்தளத்தாலும் அதற்கு விடை கூற இயலாது.

தமிழ் ஆவணங்களின் நிலை இதனினும் பின்தங்கியது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் கணினிக்குள் உரோம எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருப்பதால், ஒருங்குறிக்கு மாற்றப்படும் வரை அவற்றைத் தமிழ்த் தேடல் எட்டாது. மீட்டெடுத்தலைச் சோதிக்கும் பன்மொழித் தொகுப்பான மிராக்கலில் 18 மொழிகள் உள்ளன. வங்கம், இந்தி, தெலுங்கு அவற்றுள் அடங்க, தமிழ் இடம்பெறவில்லை. 2021இல் கூகுள் ஆய்வகத்தின் இந்தியப் பிரிவு வெளியிட்ட வினா-விடைத் தொகுப்பில் இந்தியுடன் தமிழும் சேர்க்கப்பட்டது. அதன் பத்திகள் விக்கிப்பீடியாவிலிருந்து எடுக்கப்பட்டவையேயன்றித் தீர்ப்புகளிலிருந்து அல்ல.