போராட்டத்துக்கு குழந்தையை ஏன் தூக்கிட்டு வர்றாங்க?

1. மறியல்ல கைக்குழந்தையோட நிக்கிற அம்மாகிட்ட எல்லாரும் கேக்குறது: "பச்சப்புள்ளய ஏம்மா இங்க தூக்கிட்டு வந்த?" நியாயமான கேள்விதான். ஆனா வரலாறு சொல்ற பதிலையும் கேப்போம்.

2. எங்க எழுமலைக்குப் பக்கத்துல பெருங்காமநல்லூர். குற்றப்பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க ஊர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3, போலீஸ் துப்பாக்கிச்சூடு. மாயக்காள் உட்பட 16 பேர் பலி. அங்க யாரும் பிள்ளைகளைப் போராட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகல. பிள்ளைகள் இருந்த ஊருக்கே துப்பாக்கி வந்தது.

3. அடுத்து 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையில் இருந்தவர்களின் விடுதலைக்காகவும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். தடியடி. தப்பிக்க தாமிரபரணியில் இறங்கினாங்க. இறந்த 17 பேர்ல ஒன்றரை வயசுக் குழந்தையும் ஒண்ணு.

4. தினக்கூலி வாங்குற அம்மா கைக்குழந்தையை யார்கிட்ட விட்டுட்டு வருவா? அவ கேக்குற கூலியும் அந்தப் பிள்ளையோட பாலுக்குத்தானே?

5. டாக்டரா சொல்றேன்: நெரிசல்ல பெரியவங்க இடுப்பு உயரத்துல நிக்கிற பிள்ளைக்குத்தான் முதல்ல மூச்சு முட்டும். கூட்டிட்டுப் போனா ஓரமா நில்லுங்க. வெளியேறும் வழியை முதல்லயே பார்த்து வைங்க. தண்ணி எடுத்துக்கோங்க. பிள்ளை கையில போன் நம்பர் எழுதுங்க. தள்ளுமுள்ளு வர்ற மாதிரி தெரிஞ்சாலே கிளம்பிடுங்க.

6. ஆனா பொறுப்பு அம்மாவோட முடியல. கலைஞ்சு போகச் சொல்றவங்க, போறதுக்கு வழி விடணும். நெல்லையில் மிச்சமிருந்த வழி ஆறுதான்.