ஜக்கூர் விமானத்தளம்

ஜக்கூர் விமானத்தளம் பெங்களூரு மாநகரின் வடக்கில், பெல்லாரி சாலையை ஒட்டிக் கிழக்கே அமைந்துள்ள சிறிய விமானத்தளம். இது கர்நாடக அரசுக்குச் சொந்தமானது. பயணிகள் விமானச் சேவை இங்கு இல்லை. 1948இல் தொடங்கப்பட்ட அரசு விமானப் பயிற்சிப் பள்ளி இதன் முதன்மை நிறுவனம். அதனுடன் சில தனியார் நிறுவனங்களின் சிறுவிமானங்களும் மைக்ரோலைட்டுகளும் ஹெலிகாப்டர்களும் இத்தளத்தைப் பயன்படுத்தி வந்துள்ளன. தொழிலுக்காக விமானம் ஓட்டக் கற்பவர்களும் விருப்பத்துக்காகக் கற்பவர்களும் ஒரே ஓடுபாதையில் பழகும் இடம் இது.

அமைவிடம்

நகரின் வடமேற்கில் உள்ள பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து கொரகுண்டேபாளையம், ஹெப்பாள் வழியாக வெளிவட்டச் சாலையில் வந்து, பெல்லாரி சாலையில் திரும்பினால் ஜக்கூரை அடையலாம். வடக்கே எலகங்கா விமானப்படைத் தளமும் அதற்கும் அப்பால் தேவனஹள்ளி பன்னாட்டு விமான நிலையமும், தென்கிழக்கே எச்.ஏ.எல். விமான நிலையமும் உள்ளன.

ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்தது. அதன் முனைகளில் 08, 26 என்று எழுதப்பட்டிருக்கும். திசைகாட்டியில் அவை சுமார் 80 பாகையையும் 260 பாகையையும் குறிக்கின்றன. விமானம் காற்றை எதிர்த்து ஏறி, காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும். பெங்களூரில் தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும் குளிர்காலத்தில் கிழக்கிலிருந்தும் காற்று வீசுவதால், பருவத்துக்கு ஒரு முனை என்ற அளவில் இந்த ஓடுபாதை பயன்படுகிறது.

தளம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத சிறிய எஞ்சின் 1,000 அடிக்கு ஏறத்தாழ 3 சதவீத ஆற்றலை இழக்கும். வெயில் நேரத்தில் காற்று மேலும் மெலிவதால், கடற்கரையோரத் தளத்தில் தேவைப்படுவதைவிட நீண்ட தூரம் ஓடிய பிறகே விமானம் எழும். இங்கு கற்பவர்கள் தொடக்கத்திலேயே இந்தக் கணக்கைப் பழகிக்கொள்கிறார்கள்.

வரலாறு

இந்தியாவில் விமானம் ஓட்டுவது முதலில் கிளப் பழக்கமாகவே பரவியது. டெல்லி, பம்பாய் விமானக் கிளப்புகள் 1920களின் இறுதியில் தோன்றின. சென்னையிலும் அதையடுத்து ஒரு கிளப் வந்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை 1929 பிப்ரவரி 10 அன்று ஜே.ஆர்.டி. டாடா பெற்றார்.

பெங்களூரில் 1940இல் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை தொடங்கியது. விடுதலைக்குப் பின் மைசூர் மகாராஜா ஜெயச்சாமராஜ உடையாரின் ஆதரவில், இருநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் ஜக்கூர் பள்ளி அமைந்தது. மகாராஜாவின் விமானியாக இருந்த கேப்டன் வி. சுந்தரம் அதன் முதல் தலைவர். அவர் மனைவி உஷா சுந்தரம் இப்பள்ளியில் பயின்று 1949இல் தேறினார். இங்கு தேறிய முதல் பெண் அவரே. 1951இல் இத்தம்பதியர் சென்னை அரசுக்காக வாங்கப்பட்ட டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தனர். கேப்டன் ஜி.ஆர். கோபிநாத் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய டெக்கான் ஏவியேஷன் ஹெலிகாப்டர் நிறுவனமும் ஜக்கூரிலிருந்தே இயங்கியது.

பயிற்சி விமானங்கள்

இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் விமானக் கிளப்புகளுக்கென உருவாக்கிய இரட்டை இருக்கை விமானம் புஷ்பக். வி.எம். காட்கேயின் குழு வடிவமைத்த இந்த 90 குதிரைத்திறன் விமானம் 1958 செப்டம்பரில் முதலில் பறந்தது. சுமார் 160 விமானங்கள் கட்டப்பட்டு நாடெங்கும் உள்ள கிளப்புகளுக்குச் சென்றன. பின்னர் பயிற்சிப் பள்ளிகளில் அமெரிக்கத் தயாரிப்பான செஸ்னா 152, 172 ஆகியவை பரவின. முன்னதில் இருவரும் பின்னதில் நால்வரும் அமரலாம்.

பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா 1993 நவம்பரில் முதலில் பறந்தது. இதன் உடல் கூட்டுப்பொருளால் ஆனது. ஓசூருக்கு அருகில் இயங்கும் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் இதன் தயாரிப்பில் பங்கேற்றது. புதிய வடிவமான ஹன்சா என்ஜி 2021 செப்டம்பரில் பறந்தது.

செஸ்னா போன்றவற்றுக்கு ஏவ்காஸ் எனப்படும் விமானப் பெட்ரோல் வேண்டும். இந்தியா இதை நெடுங்காலம் இறக்குமதி செய்து வந்தது. 2022இல் இந்தியன் ஆயில் நிறுவனம் வடோதராவில் தயாரித்த ஏவ்காஸை வெளியிட்டது. எடை குறைந்த மைக்ரோலைட்டுகளில் பொருத்தப்படும் ரோடாக்ஸ் வகை எஞ்சின்கள் சாதாரண பெட்ரோலிலும் ஓடுவதால், பொழுதுபோக்காகப் பறப்பவர்கள் அவற்றை விரும்புகிறார்கள்.

உரிமமும் பயிற்சியும்

விருப்பத்துக்காக விமானம் ஓட்டுபவர் பெற வேண்டியது தனியார் விமானி உரிமம். இதை மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டிஜிசிஏ வழங்குகிறது. முதற்படியான மாணவர் உரிமத்துக்கு வயது 16 நிறைந்திருக்க வேண்டும். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் மருத்துவத் தகுதியும் தேவை. விமானச் சட்டவிதிகள், திசையறிதல், வானிலை, விமானமும் எஞ்சினும் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு உண்டு. வானொலியில் பேசுவதற்குத் தனி உரிமம் வேண்டும்.

மொத்தம் 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் பயிற்றுநர் இல்லாமல் தனியே ஓட்டியதாகவும், அந்த இருபதில் 5 மணி நேரம் ஊர் விட்டு ஊர் சென்றதாகவும் இருக்க வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் தேவை. தனியார் உரிமம் பெற்றவர் விமானம் ஓட்டுவதற்காக ஊதியம் வாங்கக் கூடாது.

பயிற்சியின் பெரும்பகுதி ‘சர்க்யூட்’ அடிப்பதில் கழிகிறது. ஏறுதல், ஓடுபாதைக்கு இணையாகத் திரும்பிப் பறத்தல், மீண்டும் திரும்பி இறங்குதல் என்ற இந்தச் செவ்வகச் சுற்று கைக்கு வந்த பிறகே பயிற்றுநர் மாணவரைத் தனியே அனுப்புவார். அந்த முதல் தனிப் பறத்தலைச் ‘சோலோ’ என்பார்கள்.

காற்று அமைதியாக இருக்கும் அதிகாலையே கற்பதற்கு ஏற்ற நேரம். பகல் ஏறினால் சூடான காற்று மேலெழும்பி விமானத்தைக் குலுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழையும், டிசம்பர், ஜனவரியில் காலை மூடுபனியும் பறப்பதைத் தடுக்கும்.

இடநெருக்கடி

2008 மே மாதத்தில் தேவனஹள்ளி விமான நிலையம் திறக்கப்பட்ட பின், அதற்குச் செல்வதற்காகப் பெல்லாரி சாலையில் உயர்மட்டப் பாலம் எழுந்தது. அது ஓடுபாதையின் மேற்கு முனையை நெருங்கி வந்ததால் பயன்படுத்தக்கூடிய நீளம் குறைந்து, பயிற்சி பாதிக்கப்பட்டது. சுற்றிலும் அடுக்குமாடிகள் பெருகின. வான்வெளியும் நெருக்கமானது. எலகங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கும் நாட்களில் சிறுவிமானங்களின் பறத்தல் மேலும் கட்டுப்படுத்தப்படுகிறது.

நகர விரிவாக்கத்தில் இத்தகைய நிலம் வீணாகக் கிடப்பதாகத் தோன்றக்கூடும். ஆனால் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஒருவர் 40 மணி நேரத்தை நிறைவு செய்வது, காலையில் பறந்துவிட்டுப் பணிக்குத் திரும்பும் தொலைவில் ஓடுபாதை இருந்தால்தான் இயலும். பெங்களூரில் அந்தத் தேவையை நிறைவேற்றுவதே ஜக்கூரின் முக்கியத்துவம்.