பட்டமும் பத்தியும் பந்தும்: மைசூரில் ஓர் அணி யாருக்குச் சொந்தம்?

ஆட்டக் குழு ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் வைத்துக்கொண்டிருப்பது என்று சொன்னால் நமக்கு உடனே மேல்நாடுதான் ஞாபகத்துக்கு வரும். இத்தாலியின் யுவெண்டஸ் கால்பந்து அணி 1923 முதல் ஃபியட் கார் கம்பெனியின் அன்யெல்லி குடும்பத்தோடு சேர்த்தே பேசப்படுவது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து அணி 1933இல் ரூனி என்பவர் தொடங்கியது. அவர் மகன், பேரன் என்று உரிமை இறங்கி வந்தது. "அது அவங்க ஊர் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் பட்டத்துக்கு வாரிசு யார், சொத்துக்கு வாரிசு யார், இரண்டும் ஒன்றா வேறா என்ற வழக்கில் நம்ம மைசூர் ஊருக்கு உள்ள அனுபவம் வேறு எந்த ஊருக்கும் இல்லை. அந்த அனுபவத்தை வைத்து இன்றைய ஆட்டக் குழுக்களைப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இக்கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பச் சொத்தாக ஒரு தொழில்முறைக் கால்பந்து அணி மைசூரில் கிடையாது. இருப்பது கிரிக்கெட் அணி. அதை வைத்திருப்பது ஊதுபத்தி வியாபாரக் குடும்பம். அதற்கு வருமுன் அரண்மனைக்குப் போக வேண்டும்.

திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல் ஐந்து வயதுக் குழந்தையாகப் பட்டத்தில் அமர்த்தப்பட்டவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். 1831இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். ராஜாவுக்குப் பட்டம் உண்டு, அரண்மனை உண்டு, தசரா உண்டு, ஆட்சி இல்லை. அவருக்குப் பின் பட்டத்துக்கு வர ஆண் வாரிசும் இல்லை. டல்ஹவுசி காலத்தில் வாரிசில்லாத சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக விழுங்கப்பட்டதைக் கண்டவர் அவர். 1865 ஜூன் மாதத்தில், பெட்டதகோட்டே அரசு குடும்பத்தைச் சேர்ந்த இரண்டரை வயதுப் பிள்ளை சாமராஜேந்திரனைச் சாஸ்திரப்படி சுவீகாரம் எடுத்தார்.

கவர்னர் ஜெனரல் ஜான் லாரன்ஸ் என்ன சொன்னார் தெரியுமா? சுவீகாரம் செல்லும், ஆனால் ராஜாவின் சொந்தச் சொத்துக்கு மட்டும். ராஜ்யத்துக்கு வாரிசை எடுக்க அவருக்கு அதிகாரம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்பது அவர் கட்சி. அதாவது நகை, குதிரை, மாளிகை எல்லாம் பிள்ளைக்குப் போகலாம், மைசூர் போகாது. இந்தப் பிரிவினையைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சொத்து என்பது தானாக இறங்குவது. பட்டம் என்பது மேலே உள்ள ஒருவர் ஒப்புக்கொண்டால்தான் இறங்குவது. இரண்டும் ஒரே மனிதரின் கையில் இருந்ததால் ஒன்று போலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

முதிய ராஜா விடவில்லை. மனுக்கள் லண்டனுக்குப் போயின. பார்லிமெண்டில் அவருக்காகப் பேச ஆள் கிடைத்தது. 1867இல் இந்தியா மந்திரி சுவீகாரத்தை ராஜ்யத்துக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டார். மறு வருஷம் மார்ச் 27ஆம் தேதி ராஜா காலமானார். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பட்டம் கட்டினார்கள். ஆட்சி கைக்கு வர இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1881 மார்ச் 25இல்தான் மைசூர் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அந்த ஒப்படைப்புப் பத்திரத்திலும் நிபந்தனைகள் ஏராளம். பின்னால் வந்தவர்களும் அந்த நிபந்தனைக்கு உட்பட்டே ஆண்டார்கள்.

அதன் பின் 1894இல் சாமராஜேந்திரர் கல்கத்தாவில் காலமாக, அவர் மகன் நான்காம் கிருஷ்ணராஜர் பட்டத்துக்கு வந்தார். 1940இல் அவர் தம்பி மகன் ஜயசாமராஜர். அவர் பிற்பாடு 1964 முதல் 1966 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் என்பதை நம்மவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவருடைய தந்தை யுவராஜா கண்டீரவ நரசிம்மராஜர். பெங்களூரில் இன்று கால்பந்து நடக்கும் கண்டீரவ ஸ்டேடியம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அந்த நாளில் ஆட்டம் அரண்மனையின் ஆதரவில் வளர்ந்தது. அணி அரண்மனையின் சொத்தாக இருக்கவில்லை. மைசூர் ராஜ்யத்துக் கால்பந்து அணி 1946-47இல் வங்காளத்தை வென்று சந்தோஷ் டிராபியை எடுத்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல் சாரங்கபாணி ராமன் போட்டது. தன்ராஜ், அகமது கான் போன்ற பெங்களூர் ஆட்டக்காரர்கள் கல்கத்தா போய் ஈஸ்ட் பெங்கால் அணியில் புகழ் பெற்றார்கள். அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கால்பந்து இன்றும் வீட்டு விஷயம். அந்த அணியை யாரும் விற்கவும் முடியாது, மகனுக்கு எழுதி வைக்கவும் முடியாது. ராஜாவின் பெயர் இருந்தது, ராஜாவின் பத்திரம் இல்லை.

பத்திரம் வந்தது ரொம்பப் பிற்காலத்தில், அதுவும் சாராய வியாபாரத்தின் வழியாக. பெங்களூரின் யுனைட்டெட் புரூவரீஸ் 1915இல் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய மதுவடிப்பாலைகள் ஐந்தைச் சேர்த்து அமைத்த கம்பெனி. விட்டல் மல்லையா அதைக் கைப்பற்றி வளர்த்தார். 1983இல் அவர் காலமானபோது மகன் விஜய் மல்லையாவுக்கு வயது 27. 1998இல் இந்தக் குழுமம் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற கல்கத்தாவின் இரண்டு பரம வைரி அணிகளிலும் பாதிப் பங்கு வாங்கிற்று. ஒன்றின் பெயருக்கு முன்னால் விஸ்கி, மற்றதன் பெயருக்கு முன்னால் பீர். சண்டை போடுகிற அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒருவரே மாமனாராக வந்து வாய்த்தது மாதிரி! 2008இல் அதே மகன் பெங்களூர் ஐ.பி.எல். அணியை 11 கோடியே 16 லட்சம் டாலருக்கு எடுத்தார். கடன் தொல்லையில் கம்பெனி வெளிநாட்டார் கைக்குப் போய், 2016இல் அவர் தலைமைப் பதவியிலிருந்து விலகியபோது அணி கம்பெனியோடு தங்கிவிட்டது. அப்பா விட்டுப்போன சொத்தில் அணி இல்லை, மகன் சேர்த்த அணி மகனோடு போகவும் இல்லை.

தமிழ்நாட்டு உதாரணம் இதற்கு நேர்மாறு. கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் 1946இல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், தாழையூத்தில் ஆலை கண்டது. நாராயணசுவாமியின் மகன் என். சீனிவாசன் காலத்தில், 2008இல், 9 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சென்னை அணி வந்தது. பிறகு அணியைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். 5 லட்ச ரூபாய் என்று காட்டிய மதிப்பு கிரிக்கெட் வாரியத்திலேயே பேச்சுக்கு இடமானது. 2024 டிசம்பரில் சிமெண்ட் கம்பெனியின் 32.72 சதவீதப் பங்கு அல்ட்ராடெக் கைக்குப் போயிற்று. அணி போகவில்லை. அப்பா தொடங்கியது சிமெண்ட். பிள்ளைக்கு மிஞ்சியது மஞ்சள் சட்டை. ஆலைக்கு நிலம் கொடுத்த தாழையூத்துக்காரருக்கு இது எப்படி இருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

இனி ஊதுபத்திக்கு வருவோம். 1948இல் என். ரங்கா ராவ் மைசூரில் சிறிய அளவில் ஊதுபத்தித் தொழில் தொடங்கினார். மைசூர் சந்தனத்துக்குப் பேர்போன ஊர். மூங்கில் குச்சியில் கரியும் பசையும் சேர்த்து உருட்டுவது பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் வேலை. எல்லாரிடமும் இருக்கும் வாகனம் என்பதால் சைக்கிள் படத்தைப் பெட்டியில் போட்டார். மகன்கள் வந்தார்கள், பேரன்கள் வந்தார்கள். மூன்றாம் தலைமுறையில் அர்ஜுன் ரங்கா முதலானோர் நடத்தும் காலத்தில், 2014இல், கர்நாடகப் பிரீமியர் லீக் மறுபடி தொடங்கியபோது மைசூர் வாரியர்ஸ் என்ற அணி இக்குடும்பத்தின் கையில் இருந்தது. அந்த வருஷமே கோப்பையும் எடுத்தது.

அதற்கு முன் 2009இல் அந்த லீக் முதன்முதலாக நடந்தபோது மைசூர் அணிக்கு மைசூர் மகாராஜாஸ் என்று பெயர். அப்போது மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் தலைவர் ஜயசாமராஜரின் மகன் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார். 26 லட்ச ரூபாய் மானியம் 1971இல் மன்னர் மானிய ஒழிப்போடு போயிற்று. மைசூர் அரண்மனையை எடுத்துக்கொள்ள 1998இல் அரசு சட்டம் இயற்றி வழக்கு நீண்டுகொண்டே இருந்தது. பட்டமும் இல்லை, பல சொத்துக்கள் நிச்சயமும் இல்லை. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் சங்கத் தலைவர் பதவி மட்டும் இருந்தது. 2013 டிசம்பர் 1ஆம் தேதி மறுபடி அப்பதவிக்கு ஜெயித்தார். பத்தாம் தேதி மாரடைப்பில் காலமானார். பிள்ளை இல்லை.

150 ஆண்டு முன் நடந்ததே திரும்ப நடந்தது. ராணி பிரமோதா தேவி 2015 பிப்ரவரியில் கணவரின் தமக்கை காயத்ரி தேவியின் பேரன் யதுவீரைச் சுவீகாரம் எடுத்தார். மே 28இல் அரண்மனையில் பட்டாபிஷேகம். இம்முறை லண்டனுக்கு மனுப் போடத் தேவை இருக்கவில்லை, ஏனென்றால் கொடுக்க ராஜ்யம் இல்லை. சொத்துக்கும் சடங்குக்கும் மட்டும் வாரிசு. லாரன்ஸ் 1865இல் எந்த அளவோடு நிறுத்தப் பார்த்தாரோ அந்த அளவு! 2024இல் யதுவீர் மைசூர்-குடகு தொகுதியில் நின்று எம்.பி. ஆனது வேறு வழியில் வந்த பதவி. காலமான ராஜா நினைவாக 2022 முதல் நடக்கும் மாநிலப் போட்டிக்கு மகாராஜா டிராபி என்று பெயர். கோப்பைக்கு ராஜா பெயர், அணிக்கு ஊதுபத்திக்காரர் பணம். 2024இல் கருண் நாயர் தலைமையில் மைசூர் வாரியர்ஸ் பெங்களூர் அணியை வென்று அந்தக் கோப்பையை எடுத்தது.

சரி, ரங்கா குடும்பம் அணியை அடுத்த தலைமுறைக்கு எழுதி வைக்கலாமா? கம்பெனிப் பங்கை வைக்கலாம். தொழிற்சாலையை வைக்கலாம். அணி என்பது அப்படியல்ல. அது சங்கம் கொடுத்த உரிமம். சங்கம் லீக்கை நிறுத்தினால் அணியும் நின்றுவிடும். 2019இல் சூதாட்ட விவகாரம் வெடித்து ஓர் அணியின் உரிமையாளரே கைதானதும் பழைய லீக் முடிந்தே போயிற்று. தவறு செய்யாத அணிகளும் மூன்று வருஷம் இல்லாத அணிகளாக இருந்தன. சன்னது கொடுத்தவன் கையில்தான் பட்டம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மேல்நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் அவர்கள் பாணிக் கால்பந்தில் ஓர் அணி கைமாறினால் மற்ற உரிமையாளர்களில் முக்கால்வாசிப் பேர் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். மயாமி அணியின் ஜோ ராபி 1990இல் இறந்தார். குடும்பத்தில் சண்டை, தலைக்கு மேல் வாரிசு வரி. 1994இல் அணியை விற்றுவிட்டார்கள். நம் நாட்டிலும் 1953 முதல் 1985 வரை அந்த வரி இருந்தது, உச்ச அளவு 85 சதவீதம். அது நீடித்திருந்தால் நம்ம ஊர்க் குடும்பங்கள் அணி வாங்கும் நிலையிலேயே இருந்திருக்காது என்பது என் கருத்து.

கால்பந்து அணியை நிஜமாகவே குடும்பச் சொத்தாக வைத்திருக்கும் இந்தியர்கள் யார் என்று கேட்டால், கோழி வியாபாரிகள். புனேயின் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸை நிறுவிய பி.வி. ராவ் 1996இல் காலமானார். மகள் அனுராதா தேசாயும் தம்பிமார் இருவரும் 2010 நவம்பரில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியை 2 கோடியே 30 லட்சம் பவுனுக்கு வாங்கினார்கள். அதுவும் ஒரு வாரிசுக் கதைதான்: உருக்கு வியாபாரி ஜாக் வாக்கர் தன் சொந்த ஊர் அணியில் பணத்தைக் கொட்டி 1995இல் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்; 2000இல் அவர் மறைந்தபின் குடும்ப டிரஸ்ட் பத்து வருஷம் சுமந்து, முடியாமல் விற்றது. புதியவர்கள் வந்த ஒன்றரை வருஷத்தில் அணி முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. இறங்கிய அன்று ரசிகர் ஒருவர் அணிக் கொடி போர்த்திய உயிர்க் கோழியை மைதானத்தில் விட்டார். 2017இல் இன்னும் ஒரு படி கீழே. ஆனாலும் குடும்பம் விடாமல் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. 2023 முதல் அப்படி அனுப்பவும் தில்லி உயர்நீதிமன்றத்தின் அனுமதி வேண்டியிருந்தது. மறுபடியும், மேலே ஒருவர்.

பிளாக்பர்ன்காரர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அணியின் பெயரில் இருப்பது ஊர். பத்திரத்தில் இருப்பது வேறு ஆள். மைசூரில் அந்தக் கோபம் இல்லாததற்குக் காரணம், வாங்கியவர்களும் இதே ஊர்க்காரர்கள். கடையில் ஊதுபத்தி வாங்கும் வீட்டுப் பையன்தான் மானசகங்கோத்ரி மைதானத்தில் மட்டை பிடிக்கிறான். 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூர் ஸ்டேடிய வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தபின், அவ்வருஷ மகாராஜா டிராபி முழுவதையும் மைசூருக்கே மாற்றினார்கள். பார்வையாளருக்கு அனுமதி இல்லை. ராஜாவின் பெயரில் கோப்பை, ராஜாவின் ஊரில் ஆட்டம், அந்த ஊர்க் குடும்பத்தின் அணி. ஊர்க்காரர்கள் மட்டும் கதவுக்கு வெளியே.