வீடு மாறும் பணம்

வீடு மாறுவது பட்டணவாசிகளுக்குப் பழகிப்போன காரியம். மந்தைவெளியில் இருந்த குடும்பம் அபிராமபுரத்துக்கு வரும். அபிராமபுரத்தில் இருந்தது அடையாற்றுக்குப் போகும். பாத்திரமும் பீரோவும் வண்டியில் ஏறும். சுவாமி படங்களைப் பாட்டி மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஆனால் பணம் வீடு மாறுவதென்றால் மட்டும் நம்மவர்களுக்கு அடிவயிற்றில் ஒரு கலக்கம். பதினைந்து வருஷமாகத் தபாலாபீசில் போட்டுவந்த சேமிப்பைப் பாங்கிக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று பிள்ளை சொன்னால், தகப்பனார் உடனே, "இருக்கிற இடத்திலேயே இருக்கட்டுமப்பா" என்கிறார். இதைப் பத்தாம்பசலித்தனம் என்று சிரிப்பது சுலபம். சென்னையின் சரித்திரம் தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

1906-ஆம் வருஷம் அக்டோபர் 22-ஆம் தேதி ஆர்பத்நாட் கம்பெனி கதவை அடைத்தது. அது லேசான கம்பெனி அல்ல. கடற்கரையை நோக்கி நின்ற அதன் மாளிகையைப் பார்த்தாலே பணம் பத்திரம் என்று தோன்றும். மற்ற இடங்களைவிடக் கூடுதல் வட்டி வேறு கொடுத்தார்கள். உத்தியோகஸ்தர்களும் பென்ஷன்காரர்களும் விதவைகளும் ஆயுட்காலச் சேமிப்பை அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி மாக்ஃபாடியன் ரயிலுக்கு முன் விழுந்து மாண்டார். சென்னையில் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கோ கண்ணீர்தான் மிச்சம்.

அவர்கள் செய்த தவறு என்ன? நன்றாக யோசித்தால், தவறு என்றே சொல்ல முடியாது. ஒரு பெயரை நம்பினார்கள். அந்தப் பணத்துக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு வீடு கிடையாது. பெயர் விழுந்தது, பணமும் அதனோடு விழுந்தது.

அந்த இடிபாட்டிலிருந்து ஒரு நல்ல காரியமும் பிறந்தது. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலியோர், நம்மவர் பணத்தை நம்மவரே காக்கவேண்டும் என்று முனைந்தார்கள். 1907 ஆகஸ்டு 15-ஆம் தேதி இந்தியன் பாங்க் வேலையைத் தொடங்கியது. பிற்பாடு ஆர்பத்நாட் மாளிகையே அதன் கைக்கு வந்து சேர்ந்தது என்பது காலத்தின் வேடிக்கை. அதற்கு வெகு காலம் முன்பே, 1872-இல், மயிலாப்பூர் இந்து சாசுவத நிதி ஏற்பட்டிருந்தது. அங்கே பணத்துக்குக் காவல், ஒருவரையொருவர் அறிந்த அக்கம்பக்கத்தாரின் கண்கள்தாம்.

பெயரை நம்பியது ஒரு காலம். அக்கம்பக்கத்தை நம்பியது ஒரு வழி. மூன்றாவதாக, சட்டத்தை நம்பும் வழி வந்தது. 1968-இல் பாராளுமன்றம் பொது வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தை நிறைவேற்றியது. சர்க்கார் ஊழியருக்குப் பிராவிடண்டு பண்டு உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு 1952 முதல் அதற்கென்று சட்டம் உண்டு. வக்கீலுக்கும் மளிகைக் கடைக்காரருக்கும், என்னைப் போல் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கும் ஏது? அந்தக் குறையைத் தீர்க்க வந்த நிதி இது. ஆரம்பத்தில் வட்டி நூற்றுக்கு 4.8. 1986 முதல் 2000 ஜனவரி வரை 12 கிடைத்த பொற்காலமும் உண்டு. 2020 ஏப்ரலில் 7.1 ஆக இறங்கியது. வட்டி ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு வருமான வரி இல்லை. கடன்காரன் கோர்ட்டுக்குப் போனாலும் ஜப்தி செய்யமுடியாது. 2018-இல் பழைய சட்டத்தை நீக்கி, 1873-ஆம் வருஷத்துச் சேமிப்புச் சட்டத்துக்குள் இந்த நிதியைக் கொண்டுவந்தார்கள். 2019-இல் புதிய விதிகள் வந்தன. அப்போதும் பழைய கணக்குகளுக்குப் பங்கம் வரவில்லை.

இதில்தான் தகப்பனாரின் கலக்கத்துக்கு மருந்து இருக்கிறது. கணக்கு தபாலாபீசில் இருந்தாலும் பாங்கியில் இருந்தாலும் கடன்பட்டிருப்பது மத்திய சர்க்கார். பாங்கி வெறும் வாசற்படி. ஆகையால் வாசலை மாற்றினால் பணத்தின் வயது மாறாது. பாஸ் புத்தகத்துடன் பழைய இடத்தில் மாற்று விண்ணப்பம் கொடுத்தால், அவர்கள் கணக்கின் நகல், முதல் விண்ணப்பம், வாரிசு நியமனம், மாதிரிக் கையெழுத்து, இருப்புத் தொகை எல்லாவற்றையும் புதிய இடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே அது தொடரும் கணக்கு. புதுக் கணக்கு அல்ல.

அவசரப்பட்டு, முதிர்ந்த கணக்கை முடித்துப் பணத்தை வாங்கி வேறிடத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்கள்தாம் ஏமாறுகிறார்கள். மறுபடி முதலாம் வருஷம். மறுபடி பதினைந்து வருஷக் காத்திருப்பு. எழுபது வயதுக்காரருக்கு அது விளையாட்டல்ல. பழைய கணக்கையே ஐந்தைந்து வருஷமாக நீட்டினால், பணம் போட்டுக்கொண்டும் வரலாம். தேவைக்கு வரம்புக்குட்பட்டு எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

ஒரே ஒரு கெடு உண்டு. கணக்கு தொடங்கிய நிதியாண்டு முடிந்து பதினைந்து வருஷம் கழித்து அது முதிர்கிறது. 2010 ஜூலையில் தொடங்கியது 2026 மார்ச்சோடு முதிரும். அதிலிருந்து ஓராண்டுக்குள், பணம் போட்டுத் தொடர விரும்புவதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் இருக்கிற தொகைக்கு வட்டி வரும். ஆனால் புதிதாக ஒரு காசு போட வழியில்லை. காகிதங்கள் ஒரு ஆபீசிலிருந்து இன்னோர் ஆபீசுக்கு யாத்திரை போகும் நாளிலும் அந்த ஓராண்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே தேதி பார்த்துக் காரியத்தில் இறங்குவது நலம்.

ஆர்பத்நாட் கதவின் முன் நின்றவர்கள் பார்த்தது தூண்களை. நாம் பார்க்கவேண்டியது புதிய பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தை. அதில் கணக்கு தொடங்கிய தேதி என்று பழைய தேதியே எழுதியிருக்கிறதா, வாரிசு பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகருமுன் படித்துப் பாருங்கள். இருந்தால், பணம் சுகமாகக் குடிவந்து சேர்ந்துவிட்டது.