தேயிலை மலையில் கூடிக் கற்றல்: தோட்டத் தமிழ்ப்பள்ளிக் கூட்டு வகுப்பின் வரலாற்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

முன்னுரை

கூடிக் கற்றல், சிக்கல் களைதல் ஆகியவை மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிகளில் கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக மிகுதியும் ஒலித்துவரும் சொற்களாகும். ‘21ஆம் நூற்றாண்டுக் கற்றல்’ என்னும் தலைப்பின்கீழ் வந்து சேர்ந்தமையால் இவை மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்த புதுமைகள் என்றே பலரும் எண்ணுகின்றனர். இதற்கு மறுதலையாக, ‘இவையெல்லாம் நம் தோட்டப் பள்ளிகளில் அன்றே இருந்தவைதாமே’ என்று கூறுவாரும் உளர். பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளிகளின் பின்னணியில் வைத்து நோக்கினால், இவ்விரு கூற்றுகளும் பாதியளவே உண்மை என்பது நம் கருத்து. மாணவர் மாணவர்க்குக் கற்பித்தல் நமக்குப் பழையது. மாணவர் சமநிலையில் அமர்ந்து ஒரு சிக்கலுக்கு விடை தேடுதல் அதனின் வேறானது. இவ்வேறுபாட்டைக் காணத் தவறுவதாலேயே கூட்டு வகுப்பு நடத்தும் ஆசிரியர் பலர் இடர்ப்படுகின்றனர்.

மலையும் பள்ளியும்

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த இம்மலைப்பகுதி, 1920களின் பிற்பகுதியிலேயே குடியேற்றத்திற்கும் பயிர்த்தொழிலுக்கும் திறந்துவிடப்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டோருள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் முதன்மையானவர். போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டங்களின் பெயர்களை இன்றும் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன.

பகாங் அந்நாளில் மலாய்க் கூட்டரசு மாநிலங்களுள் ஒன்றாக இருந்தமையால் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இங்கும் செல்லுபடியாயிற்று. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. சட்டம் பள்ளியைக் கேட்டது. எத்தகைய ஆசிரியர், எத்தனை பேர் என்பவை பெரிதும் நிருவாகத்தின் மனத்தைப் பொறுத்தே அமைந்தன. மலாயாவின் தோட்டங்கள் பலவற்றில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியரானதும் உண்டு. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள் என்பதே தோட்டப் பள்ளியின் பொது வடிவம். அத்தகைய அறையில் பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது கல்விக் கோட்பாட்டால் விளைந்ததன்று. ஆசிரியருக்கு வேறு வழியின்மையால் விளைந்தது.

சட்டாம்பிள்ளையின் பயணம்

ஆயினும் அவ்வழக்கத்திற்கு நீண்ட மரபொன்று உண்டு. தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்கு அடுத்த நிலையில் இருந்து இளையோரைப் படிப்பித்த மூத்த மாணவனே சட்டாம்பிள்ளை. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் சமயகுரு, உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விழைந்தார். உதவியாசிரியர் அதற்கு இணங்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். அச்சிறுவன் அதைச் செய்து காட்டினான். நாடு திரும்பிய பெல் 1797இல் இலண்டனில் இம்முறை குறித்து நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் ஜோசப் லங்காஸ்டர் அந்நகரின் சதர்க் பகுதியில் இதையொத்த முறையில் பள்ளி நடத்தத் தொடங்கினார். ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்ற இது பின்னர் உலகின் பல பகுதிகளுக்கும் பரவிற்று.

சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய பள்ளிக் கணக்கெடுப்பின்போது பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையும், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் உள்ளூர் வழக்கத்தைப் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று குறிப்பிட்டது. தரம்பால் 1983இல் வெளியிட்ட தொகுப்பு நூலால் இவ்வறிக்கைகள் பரவலாக அறியப்பட்டன.

இங்கே பெருமிதம் கொள்வதோடு நின்றுவிடுதல் எளிது. ஆனால் சட்டாம்பிள்ளை முறையின் உள்ளமைப்பை நாம் மறத்தலாகாது. அங்கே அறிவு மேலிருந்து கீழே ஒழுகியது. சட்டாம்பிள்ளை ஆசிரியரின் குரலையும் சிற்சில வேளை பிரம்பையும் சுமந்தவன். பெல், லங்காஸ்டர் ஆகியோர் கையில் இது மேலும் இறுகி, ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சிக்கனமாக ஒழுங்குபடுத்தும் பொறியாயிற்று. துரை, கிராணி, கங்காணி என்று அடுக்கடுக்காக ஆணை இறங்கிய தோட்டச் சூழலில் இத்தகைய வகுப்பறை யாருக்கும் வியப்பளித்திராது.

இதற்கு நேர்மாறான நோக்கில் பிறந்ததே 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் வகுத்த துண்டிணைப்பு முறை. இனப் பாகுபாடு நீக்கப்பட்ட பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிக்க வழியினர் ஆகியோரின் பிள்ளைகளிடையே மூண்ட பகையைத் தணிக்க எழுந்தது அது. பாடத்தின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மாணவனிடம் இருக்கும். பிறர் சொல்வதைக் கேளாமல் எவனும் பாடத்தை முழுமையாகப் பெறவியலாது. அங்கே சட்டாம்பிள்ளைக்கு இடமில்லை.

ஈரக் கொழுந்தின் எடை

மலேசியாவில் 1983இல் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் குழுமுறைக் கற்பித்தலை வலியுறுத்தியது. குறைநீக்கல், வளப்படுத்தல் என நடவடிக்கைகள் பிரிக்கப்பட்டன. ஆனால் 1988இல் தொடங்கிய யுபிஎஸ்ஆர் தேர்வு தனிமாணவரின் அடைவையே அளந்தது. பக்கத்து மாணவனோடு பேசுதல் ‘பார்த்து எழுதுதல்’ ஆகிவிட்டது. 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்ட பின்னரும் அவ்வச்சம் வகுப்பறையை விட்டு முற்றும் அகலவில்லை என்றே தோன்றுகிறது.

இதனிடையே தோட்டங்களும் மாறின. கொழுந்து கொய்யும் பணி வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் பெரிதும் சென்றுவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் பல கீழே நகரங்களுக்கு இறங்கின. நாட்டில் 150 மாணவருக்கும் குறைந்த பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படுகின்றன. மாணவர் எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே சென்றால் ஈராண்டு மாணவரை ஓரறையில் அமர்த்தும் கூட்டு வகுப்பு நடைபெறுகிறது. நால்வர், ஐவர் கொண்ட குழுக்களை அமைக்கச் சொல்லும் கையேட்டை, மொத்தமே மூவர் அமர்ந்திருக்கும் வகுப்பின் ஆசிரியர் எவ்வாறு பின்பற்றுவார்? அவர் தமக்குப் பழக்கமான வழிக்கே திரும்புகிறார்: பெரியவனைச் சிறியவனுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறார். சட்டாம்பிள்ளை மீண்டும் எழுந்து வருகிறான்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, மூத்தவனுக்கும் விடை தெரியாத வினாவை வகுப்பின் நடுவில் வைப்பதே. தேயிலை மலையில் அத்தகைய வினாக்களுக்குப் பஞ்சமில்லை. மழையில் நனைந்த கொழுந்து எடை கூடும் என்பதால், ஈரத்திற்கெனச் சிறிது எடையைக் கழித்துக்கொள்வது தேயிலைத் தோட்டங்களில் நெடுநாள் வழக்கு. எவ்வளவு கழிப்பது நேர்மை? பாடநூலில் இதற்கு விடையில்லை, ஆசிரியரிடமும் இராது. ஒரே அளவு கொழுந்தை நனைத்தும் நனைக்காமலும் நிறுத்துப் பார்க்கலாம். தராசு காட்டும் எண்ணை இரண்டாம் ஆண்டு மாணவி படித்துக் குறிக்கலாம். வேறுபாட்டை விழுக்காடாக்க ஐந்தாம் ஆண்டு மாணவன் வேண்டும். ஆனால் நனைந்த கொழுந்தை உதறிவிட்டு நிறுப்பதா, உதறாமல் நிறுப்பதா என்னும் வாதத்தை அச்சிறுமியே எழுப்பக்கூடும். வீட்டில் கொழுந்து எடுத்த பாட்டி இருந்தால் அவரும் இக்கணக்கில் ஒரு துண்டைக் கொணர்வார்.

இதுவும் நம் மரபிற்கு அயலானதன்று. திண்ணைப் பள்ளிக் கணக்கு வெற்று மனனம் அன்று. எண்சுவடியில் பதித்த நினைவைக் கொண்டு ஊரின் அளவைச் சிக்கல்களுக்கு விடை காணும் பயிற்சியாகவும் அது விளங்கிற்று என்பதை து. செந்தில்பாபு 2022இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாக நிறுவியுள்ளார். நாம் சட்டாம்பிள்ளையை மட்டும் நினைவில் கொண்டு, அவன் போட்ட கணக்கை மறந்துவிட்டோம் போலும்.

எஞ்சி நிற்பது மதிப்பீட்டுச் சிக்கல். இன்றைய வகுப்பறைசார் மதிப்பீடு ஒவ்வொரு மாணவரையும் ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலைகளுள் ஒன்றில் நிறுத்துகிறது. உதறி நிறுக்க வேண்டும் என்று வாதிட்ட இரண்டாம் ஆண்டு மாணவியால் ஐந்தாம் ஆண்டு மாணவன் தன் கணக்கைத் திருத்திக்கொண்டான் எனில், ஆசிரியர் அதனை யார் பெயருக்கு நேரே, எந்த நிலையில் பதிவார்?