வலிமை எண்ணும் வயர்த் தேர்வும்: பொன்னேரி வட்டாரத்தின் உயர்வலிமை எஃகுப் பற்றவைப்பை முன்வைத்து

பொன்னேரி வட்டம் காட்டுப்பள்ளியில் உள்ள லார்சன் அண்ட் டூப்ரோ கப்பல் கட்டும் தளத்திலிருந்து 2022 மே 26 அன்று 'நிர்தேஷக்' என்ற கடற்படை அளவாய்வுக் கப்பலும், அதே ஆண்டு நவம்பர் 26 அன்று அதன் உடன்பிறப்பான 'இக்ஷக்' கப்பலும் நீரில் இறங்கின. 110 மீட்டர் நீளமுள்ள இவற்றின் உடல், செயில் நிறுவனம் உருட்டித் தந்த டிஎம்ஆர் 249ஏ என்ற எஃகால் ஆனது. விக்ராந்த் விமானந்தாங்கிக்குத் தேவையான தகட்டை வெளிநாட்டிலிருந்து பெறுவது கடினமானபோது, ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் உருவாக்கிய உயர்வலிமைக் குறைகலப்பு எஃகு அது. காட்டுப்பள்ளிக்கு வடமேற்கே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பட்டறைகளில் கூரைச் சட்டங்களுக்கும் தாங்கு விட்டங்களுக்கும் இ350, இ410 தரத் தகடுகள் வெட்டப்படுகின்றன. வேலையின் தரம் வேறு, செலவு வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் எழும் கேள்வி ஒன்றே: எந்த வயரைப் போடுவது? தகட்டின் வலிமை எண்ணைப் பார், அதற்குச் சமமான வயரை எடு, சந்தேகமிருந்தால் ஒரு படி மேலே போ என்பதே பட்டறைகளில் வழங்கும் பதில். அதன் முற்பகுதி போதாது, பிற்பகுதி பெரும்பாலும் தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். வலிமை, வயர் தாண்டவேண்டிய வாசற்படி மட்டுமே. தாண்டியபின் தேர்வைத் தீர்மானிக்கவேண்டியவை அடிதாங்கு திறனும், ஹைட்ரஜனும், அந்த இணைப்பு வாழப்போகும் சூழலும்தான்.

முதலில் எண்ணையே பார்ப்போம். சி.ஓ.டூ வெல்டிங்குக்கு எங்கும் கிடைக்கும் ஈஆர்70எஸ்-6 வயரில் உள்ள 70, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 480 மெகாபாஸ்கல் இழுவலிமையைக் குறிக்கிறது. அது தயாரிப்பாளர் உறுதி தரும் கீழெல்லை. வெல்டில் கிடைக்கப்போகும் அளவு அல்ல. அந்த உறுதியும் வகுத்துரைத்த சோதனைக் கட்டியில், தகட்டு உலோகம் கலக்காத நிலையில் எடுக்கப்பட்டது. உண்மை இணைப்பில் மூன்று காரணங்கள் அதை மாற்றுகின்றன. தூய கரியமில வாயுவைக் காப்பு வாயுவாக வைத்தால் வயரிலுள்ள மாங்கனீசும் சிலிக்கனும் கூடுதலாக எரிந்துபோகும். ஆர்கான் கலவையில் அவை தங்கும், வெல்டின் வலிமை ஏறும். தகடு உருகிக் கலக்கும்போது அதிலுள்ள நியோபியமும் வனேடியமும் வெல்டுக்குள் வரும். தடித்த தகட்டில் குறைந்த வெப்பத்தில் போட்ட ரன் விரைவாக ஆறி, மெல்லிய தகட்டில் போட்டதைவிட வலிமை கூடி உறையும். ஒரே டப்பாவிலிருந்து வந்த வயர் இரண்டு இணைப்பில் இரண்டு வலிமை தருகிறது என்றால், டப்பாவின் மேலுள்ள எண்ணை நுணுக்கமாகப் பொருத்திப் பார்ப்பதில் பொருள் குறைவு.

தகடும் வெல்டும் வலிமை பெறும் வழி வேறு என்பதே இதன் அடிப்படை. உயர்வலிமைக் குறைகலப்பு எஃகு, கரிமத்தைக் கூட்டி வலிமை பெறுவதில்லை. நூற்றில் சிறு பங்கான நியோபியம், வனேடியம், டைட்டேனியத்தின் துணையோடு, கட்டுப்பட்ட வெப்பநிலையில் உருட்டப்பட்டு, நுண்மணிகளால் பெறுகிறது. வெல்டை யாரும் உருட்டப்போவதில்லை. அது தன் வேதியியலாலும் ஆறும் வேகத்தாலும் மட்டுமே வலிமை பெறவேண்டும். ஆகவே வயரின் வலிமையைக் கூட்டுவது என்றால் கலப்புத் தனிமங்களைக் கூட்டுவதுதான். அதனோடு கடினமும் கூடும். ஹைட்ரஜன் விரிசலின் இருப்பிடம் மாறிய கதை இங்கே முக்கியம். கரிமம் மிகுந்த பழைய எஃகில் வெல்டு முதலில் ஃபெரைட்டாக மாறும். அப்போது வெளியேறும் ஹைட்ரஜன், இன்னும் ஆஸ்டெனைட்டாக நிற்கும் பக்கத்துப் பகுதிக்குள் புகும். அதனால் வெப்பம் பாதித்த பகுதியில் விரிசல் வந்தது. முன்சூடாக்கும் விதிகளும், 1967இல் பன்னாட்டுப் பற்றவைப்பு நிறுவனம் ஏற்ற கரிமச் சமன் சூத்திரமும் அந்தப் பகுதியை மனத்தில் கொண்டவை. இன்றைய குறைகரிமத் தகட்டில் வெப்பம் பாதித்த பகுதியே முதலில் மாறிவிட, ஹைட்ரஜன் வெல்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தகட்டின் கரிமச் சமன் குறைவு, முன்சூடு தேவையில்லை என்று கணக்கிட்டுவிட்டு, அதன் மேல் ஒரு படி கூடிய வயரைப் போடுபவர், விரிசலுக்கு எளிதில் ஆளாகும் உலோகத்தைத் தாமே கொண்டுவந்து வைக்கிறார். மேலும், வெல்டில் எஞ்சி நிற்கும் உள்ளிழுப்பு அதன் ஈல்டு வலிமையை நெருங்கும். வயர் வலிதாக வலிதாக அந்த இழுப்பும் ஏறும்.

கூடுதல் வலிமை இதற்கு ஈடாக ஏதாவது தருகிறதா? ஃபில்லெட் வெல்டைப் பொறுத்தவரை, நம் நாட்டு விதியின்படி ஏறத்தாழ எதுவும் தருவதில்லை. ஐஎஸ் 800:2007, ஃபில்லெட் வெல்டின் வடிவமைப்பு வலிமையைக் கணக்கிட வெல்டு, தகடு இரண்டில் குறைந்த இழுவலிமையை எடுக்கச் சொல்கிறது. இ350 தகட்டுக்கு அது 490 மெகாபாஸ்கல். அதை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்து, பட்டறை வெல்டுக்கான 1.25 என்ற காரணியாலும் வகுத்தால் ஏறத்தாழ 226 வரும். 80 வகுப்பு வயரைப் போட்டாலும் 226தான், 100 வகுப்பைப் போட்டாலும் 226தான். விலையும் சிரமமும் மட்டும் ஏறும். சிரமம் எவ்வளவு என்பதை, வயருக்குப் பதில் ராடு பயன்படுத்தும் இடத்தில், அமெரிக்க விதியான டி1.1 காட்டுகிறது: அடுப்பிலிருந்து எடுத்த குறைஹைட்ரஜன் ராடு, 70 வகுப்பானால் 4 மணி நேரம் வெளிக்காற்றில் இருக்கலாம், 80 வகுப்பானால் 2 மணி, 90 வகுப்பானால் 1 மணி, 100 வகுப்பானால் அரை மணிதான். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் அருகே, ஐப்பசி கார்த்திகை மழையில், பக்கம் திறந்த ஷெட்டில், ராடு அடுப்புக்கும் வேலை இடத்துக்கும் நடந்துபோய் வரும் நேரத்தையும் சேர்த்து இந்த அரை மணியை எண்ணிப்பார்க்கவேண்டும்.

வலிமை எண் மட்டும் வழிகாட்டாது என்பதற்குக் காட்டுப்பள்ளியே நல்ல சான்று. டிஎம்ஆர் 249ஏ தகட்டுக்குக் குறைந்தபட்ச ஈல்டு வலிமை 390 மெகாபாஸ்கல். ஈஆர்70எஸ்-6 உறுதிதரும் ஈல்டு வலிமை 400. எண்ணைப் பார்த்தால் பொருத்தம் முடிந்தது. ஆனால் அந்தத் தகடு உறைநிலைக்குக் கீழே 60 டிகிரியில் 78 ஜூல் அடி தாங்கவேண்டும் என்பது விதி. வயரோ கழித்தல் 30 டிகிரியில் 27 ஜூலுக்குத்தான் உறுதி தருகிறது. வங்கக் கடலில் அப்படிப்பட்ட குளிர் ஏது என்று கேட்கலாம். நீருக்கடியில் வெடிக்கும் குண்டின் அதிர்ச்சியில் உலோகம் இழுபடும் வேகமே கடுங்குளிரின் வேலையைச் செய்து அதை நொறுங்கும் நிலைக்குத் தள்ளும். குளிர்ச் சோதனை அதற்கான காப்பு. ஆகவே நிக்கல் சேர்ந்த வயர்க் குடும்பத்தை நோக்கிப் போகவேண்டியிருக்கிறது. அங்கும் ஈஆர்80எஸ்-என்ஐ2, கழித்தல் 60 டிகிரியையொட்டி உறுதிதருவது 27 ஜூல்தான். தகட்டின் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வகுப்புப் பெயர் எதுவும் போதாது, அந்த வயரும் அந்த வாயுவும் அந்த வெப்ப உள்ளீடும் சேர்ந்த செயல்முறைச் சோதனையே முடிவு சொல்லும். அதே காட்டுப்பள்ளியில் எண்ணெய், எரிவாயுத் துறைக்கான கடல்மேடைக் கட்டமைப்புகளும் உருவாகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த எரிவாயு ஓடும் குழாய்க்கான பன்னாட்டு விதி, வெல்டில் நிக்கலை 1 விழுக்காட்டுக்குள்ளும் கடினத்தை 250 விக்கர்ஸ் அளவிலும் நிறுத்துகிறது. இரண்டு எஃகுகளின் வலிமை எண் அருகருகே இருக்கலாம். ஒன்று நிக்கலைக் கேட்கிறது, மற்றொன்று தடுக்கிறது.

எதிர்வாதங்களில் கனமானது பட் வெல்டைப் பற்றியது. இழுவிசை குறுக்கே பாயும் முழு ஊடுருவல் இணைப்பில் வெல்டு தகட்டைவிட மெலிந்திருந்தால், நீட்சி முழுவதும் அந்தக் குறுகிய பட்டையில் குவியும்; சிறு குறை இருந்தாலும் அங்கேயே பிளக்கும். இது சரி. அத்தகைய இணைப்புக்குச் சமவலிமை வயரை டி1.1 கட்டாயமாக்குவதும் நியாயமே. இதைவிடக் கூர்மையான வடிவமும் இந்த வாதத்துக்கு உண்டு: 350 என்று சான்றுபெற்ற தகடு உண்மையில் 420 காட்டலாம், அப்போது 70 வகுப்பு வெல்டு பின்தங்காதா? பின்தங்கலாம், ஆனால் இது வகுப்பு எண்ணை நம்பாதே என்பதற்கான வாதமே தவிர, கண்ணை மூடி ஒரு படி ஏறு என்பதற்கான வாதம் அல்ல. தகட்டோடு வரும் ஆலைச் சான்றிதழில் உண்மையான ஈல்டு அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. வயர்த் தொகுதிக்கும் சோதனைச் சான்றிதழ் கேட்டுப் பெறலாம். உறுதியளவை உறுதியளவோடு ஒப்பிடாமல், மெய்யளவை மெய்யளவோடு ஒப்பிட்டால் 70 வகுப்பு வெல்டு பல இ350 தகடுகளுக்கு ஈடாகவே நிற்கும். இ450க்கு வரும்போது, தகட்டின் 570 மெகாபாஸ்கல் இழுவலிமைக்கு 80 வகுப்பின் 550 சற்றுக் குறைவு. அங்கே 90 வகுப்பைப் பரிசீலிப்பது ஊதாரித்தனம் ஆகாது. ஆனால் அதே விட்டத்தின் ஃபில்லெட்டுகளுக்கும் அதையே போடுவதற்குக் காரணம் இல்லை.

இரண்டாவது எதிர்வாதம் ஸ்டோரிலிருந்து வருகிறது. இரண்டு வயர் வைத்தால் மாறிப்போகும். வலியதை மட்டும் வைத்தால் தவறினாலும் பாதுகாப்பு என்பது அது. வயர் மாறிப்போகும் அபாயம் மெய்யானது. சிறிய பட்டறையில் அதைக் கேலிசெய்ய முடியாது. எனினும் 'தவறினாலும் பாதுகாப்பு' என்ற கணிப்புதான் உடைகிறது: வலிய வயரால் வரும் தவறு, வேலை முடிந்து மணிக்கணக்கில், சில சமயம் இரண்டு நாள் கழித்து, பெயின்டுக்கு அடியில் திறக்கும் ஹைட்ரஜன் விரிசல். மெலிந்த வயரால் ஃபில்லெட்டில் வரும் குறையைக் கணக்கிட்டு வெல்டின் அளவைக் கூட்டிச் சரிசெய்யலாம். ஒரே ஒரு வயர்தான் வைக்க முடியும் என்றால், இ350 வரையிலான வேலைக்கு ஈஆர்70எஸ்-6ஐ வைத்துக்கொண்டு, இ450 பட் வெல்டு வரும் ஆர்டருக்கு மட்டும் தனி வயரை அந்த ஆர்டரின் பெயரிலேயே வாங்கி, வேலை முடிந்ததும் மீதியைப் பூட்டிவைப்பதே குறைந்த அபாயமுள்ள ஏற்பாடு. கொள்முதல் ஆணையில் வகுப்புப் பெயருக்கு அடுத்து எந்த வெப்பநிலையில் எத்தனை ஜூல், 100 கிராம் வெல்டுக்கு எத்தனை மில்லிலிட்டர் ஹைட்ரஜன் என்ற இரண்டு வரிகளும் சேர்ந்தால், தயாரிப்பாளர் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பது வயர் ஷெட்டுக்குள் வருமுன்னரே எழுத்தில் இருக்கும்.